ஒத்தப் படம் ஆகாது

விருத்தாசலம்
8.6.2003

அன்புத் தம்பி கார்முகிலுக்கு,

அக்கா பானுமதி எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகம். மோர்பியில் வெயில் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, சப்பாத்தி தொண்டையில் இறங்குகிறதா என்பதையெல்லாம் விவரமாக எழுது. 'நலம்' என்று ஒரு சொல்லில் முடித்தால் கடிதம் திரும்பி வரும்.

நீ ராஜ்கோட்டில் வாங்கி அனுப்பிய மவுண்ட் அட்டையும் சாய்வாக வெட்டும் கத்தியும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அப்பா அம்மா கல்யாணப் படத்தைத்தான் முதலில் எடுத்தேன். கடைக்காரர் படத்தைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்திப் போட்டிருந்ததால், மழை ஈரத்தில் அது கண்ணாடியிலேயே பிடித்துக்கொண்டது நினைவிருக்கும். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அப்படியே ஊறப் போட்டேன். உன் மாமா தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் படம் தானாக வழுக்கிக்கொண்டு வந்தது. அம்மாவின் முந்தானையில் பொட்டளவு போனதோடு சரி. இப்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டையில் வெட்டிய சன்னல் இருக்கிறது. படத்தின் மேல் விளிம்பை மட்டும் காகிதப் பட்டையால் ஒட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இனி எந்த ஐப்பசி மழையும் அதை ஒன்றும் செய்யாது.

இதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக் கண்ணம்மாள் அக்கா தன் படத்தையும் கொண்டுவந்தார்கள். அழகாகச் சட்டம் போட்டு அவர்கள் கூடத்தில் நானே மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த நாள் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த அவர்கள் உறவுக்காரர் படத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "எப்பங்க தவறினாங்க, ஒரு சேதி சொல்லக் கூடாதா" என்று கேட்டிருக்கிறார். கண்ணம்மாள் அக்கா டீயோடு உள்ளேயிருந்து வந்தார்களாம். படம் அன்று மாலையே என்னிடம் திரும்பிவிட்டது. உயிரோடு இருப்பவரை ஒத்தையாக மாட்டினால் நம் ஊர்க் கண்ணுக்கு அப்படித்தான் படும். இனி என் கையால் ஒத்தப் படம் சுவருக்குப் போகாது, அடுத்தவர் சொன்னாலும் போடமாட்டேன்.

நீ மே மாதம் வந்தபோது பிரிண்டு வாங்க என்று கலர் லேபுக்குப் போனாய், மறுபடி போனாய், கவரை மறந்துவிட்டேன் என்று இன்னொரு தரமும் போனாய். அங்கே கவுண்டரில் நிற்கும் வெண்பா, "உங்க தம்பி எப்ப வருவாரு" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது, கேட்டதைச் சொன்னேன்.

இவ்வளவும் எழுதியும் கை வலிக்காத,
பானுமதி


மோர்பி
25.6.2003

அன்பு அக்காவுக்கு,

தம்பி வணக்கம். உடம்பு நன்றாக இருக்கிறது. சப்பாத்தி இறங்குகிறது, வெங்காயம் கூட இருந்தால் இன்னும் நன்றாக இறங்குகிறது. மாமாவை நான் கேட்டதாகச் சொல்.

கண்ணம்மாள் அக்கா கதையை இங்கே நம் ஊர்ப் பையன்களிடம் படித்துக் காட்டினேன். செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு இந்த டைல்ஸ் கம்பெனியில் நாங்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். சிரித்து ஓய அரை மணி ஆனது.

உன் முறைப்படி நானும் அறையில் ஒரு மவுண்ட் வெட்டினேன். மூலையில் கத்தி கோட்டைத் தாண்டிவிடுகிறது. என்ன தப்பு என்று எழுது. சூளை முன்னால் நிற்கும் என் படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒத்தப் படம்தான். சுவருக்கு வேண்டாம், பீரோவில் வை.

வெண்பா விஷயம். நீ கேலி செய்வாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவள் வீட்டில் கேட்டுப் பார் அக்கா. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது.

உன் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
கார்முகில்


விருத்தாசலம்
14.7.2003

அன்புத் தம்பிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் மாமாவுக்கு மட்டும் ரயில்வே ஜங்ஷனில் இரவு டூட்டி மாறி மாறி வந்து தூக்கம் போதவில்லை.

கேலி செய்ய நேரமில்லை, காரியத்தில் இறங்கிவிட்டேன். கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ் ஏறிப்போய் வெண்பாவின் அப்பா நல்லமுத்துவைப் பார்த்தேன். கரும்புக் கொல்லையில் நின்றபடியே பேசினார். நல்ல மனிதர், பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை. ஜாதகம் பார்த்தாயிற்று, பொருந்துகிறது. "பொண்ணு சரின்னா எனக்குச் சரிங்க" என்றார். வெண்பா வெட்கப்பட்டுத் தலையைக் குனிவாள் என்று பார்த்தால், "கவுண்டர்ல நின்னு நாலு வார்த்த பேசினதுதாங்க்கா. ஆளு முழுசா தெரியற மாதிரி நல்ல படமா ஒன்னு அனுப்பச் சொல்லுங்க. வீட்ல எல்லாரும் பாக்கணும்" என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

சூளைப் படம் கிடைத்தது. ரெண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, சூளையே உன்னுடையது மாதிரி நிற்கிறாய். அது வேலை உடுப்பு. பெண் வீட்டுக்கு ஸ்டூடியோவில் உடுத்தி எடுத்ததை அனுப்பு.

மவுண்ட் வெட்டும் சேதி: தப்பு கத்தியில் இல்லை, இடது கையில்தான். ஆடத் தெரியாதவள் கூடத்தைக் கோணல் என்ற கதையாகக் கத்தியைக் குறை சொல்லாதே. இடது கை விரல்களை விரித்து அளவுகோலை முழு நீளத்துக்கும் அழுத்திப் பிடி. வலது கை சும்மா இழுத்தால் போதும். இடது கை பிடிக்கிற பிடியில்தான் கோடு நிற்கும்.

படம் சீக்கிரம் வரட்டும்.
பானுமதி


விருத்தாசலம்
30.9.2003

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன்னைப் பற்றித்தான் ஒன்றும் தெரியவில்லை. ஜூலையில் எழுதியதற்குப் பதில் இல்லை. ஆகஸ்டில் எழுதியதற்கும் இல்லை. ஆபீசுக்கு எஸ்.டி.டி. போட்டால் இந்தியில் எதையோ சொல்லி வைத்துவிடுகிறார்கள். பெண் வீட்டில் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஆயிரம் சமாதானம் சொல்வேன், எனக்கு யார் சொல்வது? ரெண்டு வரி எழுது, போதும்.

பானுமதி


மோர்பி
12.10.2003

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். நலம். வேலை அதிகம், நடுவில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். இப்போது தேவலை. தீபாவளிக்கு லீவு இல்லை, வர முடியாது. கேட்ட படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மாமாவுக்கு வணக்கம்.
கார்முகில்


விருத்தாசலம்
2.11.2003

அன்புத் தம்பிக்கு,

தீபாவளி முடிந்தது. நீ இல்லாததால் அதிரசத்தை உன் மாமா ஒருவரே முடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காய்ச்சல் என்று ஒரு வரியில் எழுதினாயே, டாக்டரிடம் போனாயா? உடம்பு இளைத்தது படத்தில் தெரிகிறது.

அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். உங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் கஞ்சனா? அட்டையில் அளவு குறிக்க வைத்தால் அகலம் விரற்கடை குறைகிறது. இடது ஓரம் லேபில் வெட்டியது, நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது. வலது ஓரம் கத்தரிக்கோலில் வெட்டியது, அலை அலையாகப் போகிறது. உன் இடது தோள் பாதியோடு நிற்கிறது. இதைப் பெண் வீட்டுக்குக் கொடுத்தால், 'மீதி மாப்பிள்ளை பின்னால் வருகிறாரா' என்று கேட்பார்கள்.

ஒன்று செய். நெகடிவை அனுப்பு. வெண்பாவின் லேபிலேயே பெரிதாகப் போட்டுக்கொள்கிறேன்.

மவுண்ட் வெட்டினாயா? மூலை சரியாக வந்ததா? அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே.

பானுமதி


மோர்பி
20.11.2003

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். உடம்பு நன்றாக இருக்கிறது, கவலைப்படாதே. நெகடிவ் எங்கேயோ தவறிவிட்டது. அந்தப் படத்தில் பக்கத்தில் கூட வேலை செய்யும் ஒருவன் நின்றான். தன் பாதியை அவன் கேட்டதால் வெட்டிக் கொடுத்தேன். இப்போது வேறு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வெண்பா வீட்டை அவசரப்படுத்த வேண்டாம். அவளுக்கு வேறு நல்ல இடம் வந்தால் நாம் குறுக்கே நிற்கக் கூடாது. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கார்முகில்


விருத்தாசலம்
6.12.2003

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமில்லை. அதை நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிந்துவிட்டது.

சன்னல் வெட்டுவதற்கு முன் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அளவு பார்ப்பது என் வழக்கம். ஜூனில் வந்த சூளைப் படம், அக்டோபரில் வந்தது, இப்போது வந்தது, மூன்றையும் அடுக்கினேன். பின்னால் வந்த ரெண்டும் ஒரே பக்கம் குறைகிறது. இரண்டிலும் வலது ஓரம், இரண்டிலும் அதே கத்தரிக்கோல். கூட நின்றவன் பாதியைக் கேட்டான் என்றாய். ரெண்டாவது தரமும் அவனேதான் வந்து நின்றானா? பார்க்கிறவர்களுக்கு வலது ஓரம் என்றால் நிற்கிறவனுக்கு இடது கை. ஜூலையில் அளவுகோலை இடது கையால் அழுத்திப் பிடி என்று எழுதினேன். அன்றிலிருந்து மவுண்ட் என்ற பேச்சையே நீ எடுக்கவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். அதுவும் யாரிடம்? காலையில் எழுந்தால் மாலை வரை ஊரார் படங்களின் ஓரத்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன் நான்.

உன் இடது கைக்கு என்ன ஆனது? என்ன ஆகியிருந்தாலும் நீ என் தம்பி. எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, இப்போது ரெண்டும் இல்லை. மறைக்காமல் எழுது.

பானுமதி


மோர்பி
22.12.2003

அன்பு அக்காவுக்கு,

நீ படித்துவிட்டு அழக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்டில், மண்ணை அழுத்தி டைல் ஆக்கும் பிரஸ்ஸில் சிக்கிக்கொண்ட ஒரு டைலை எடுக்கப் போனேன். மெஷின் இறங்கிவிட்டது. இடது கையில் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் போய்விட்டன. புண் ஆறிவிட்டது. கம்பெனியில் இப்போது டைல்ஸைச் சோதித்துப் பிரிக்கும் இடத்தில் வேலை. மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். வேலை போகும் என்ற பயம் இல்லை.

ஆறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் அட்டையை எடுத்து உட்கார்ந்தேன். அளவுகோல் நிற்கவில்லை அக்கா. எப்படிப் பிடித்தாலும் வழுக்கியது. அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் கூட வரவில்லை.

நெகடிவ் தவறவில்லை, என்னிடம்தான் இருக்கிறது. நான் ஒன்று கேட்கிறேன், நீ செய்வாயா? அதை அனுப்புகிறேன். வெண்பாவின் லேபில் கொடுக்காதே, நெய்வேலியில் பிரிண்டு போடு. சன்னலை இடது மணிக்கட்டுக்கு மேலேயே முடிகிற மாதிரி வெட்டு. கை அட்டைக்குப் பின்னால் போய்விடும், யாருக்கும் சந்தேகம் வராது. கல்யாணம் ஆனதும் நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு அவளை விட மனசில்லை.

கார்முகில்


விருத்தாசலம்
5.1.2004

என் செல்லத் தம்பிக்கு,

அழக் கூடாது என்றாய். அழுதேன். உன் மாமாவும் தண்டவாளப் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வந்தார். அது ஒரு நாள். அதற்கு மேல் உட்கார்ந்து அழ எனக்குத் தெரியாது.

நீ கேட்டதைச் செய்யமாட்டேன். மவுண்ட் வைப்பது படத்தைக் கண்ணாடி தின்றுவிடாமல் இருக்க, ஆளை ஒளித்துவைக்க இல்லை. கல்யாணம் ஆன மறுநாள் அவள் உன் கையைப் பார்ப்பாள். அப்போது அவளுக்கு வருத்தம் உன் விரலைப் பற்றி இருக்காது. 'அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டாங்க' என்றுதான் இருக்கும். அந்தப் பழியைச் சுமக்க என்னால் ஆகாது, உன்னாலும் ஆகாது.

அதே சமயம், நீ மறைத்ததை நான் போய்ச் சொல்லவும் மாட்டேன். கை உன்னுடையது, சொல்ல வேண்டியதும் நீதான். நல்லமுத்து கேட்டால், தம்பி எழுதுவான் என்று மட்டும் சொல்வேன். இங்கே நம் பக்கத்து மங்களூரிலிருந்து ஒரு வாத்தியார் வரன் வந்திருக்கிறதாம். தை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அதற்குள் நீ முடிவு செய்.

அடுத்த சங்கதி. இடது கையின் அந்த மூன்று விரலையும் மடக்கித் துணியால் கட்டிக்கொண்டு நானும் வெட்டிப் பார்த்தேன். நீ சொன்னது சரி, அளவுகோல் வழுக்குகிறது. ஆகவே உன் மாமாவிடம் சொல்லி ஒரு பலகை செய்திருக்கிறேன். அளவுகோலின் ரெண்டு முனையையும் பலகையோடு திருகாணி போட்டு இறுக்கிவிடலாம். அடியில் உப்புத்தாள் ஒட்டியிருக்கிறது. கை கட்டின கட்டோடேயே அதில் நாலு மூலையும் சுத்தமாக வெட்டினேன். வெட்டின அட்டையையும் பார்சலில் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். அட்டை அசையாமல் இருக்க மேலே வைப்பதற்கு நம் ஊர்ப் பீங்கான் பியூஸ் கட்டை ரெண்டு சேர்த்திருக்கிறேன்.

பொங்கலுக்கு நாலு வேளையும் சாப்பிடு.
பானுமதி


மோர்பி
24.1.2004

அன்பு அக்காவுக்கு,

வணக்கம், நலம். இந்த முறை உண்மையாகவே நலம். பலகை வந்தது. மாமாவின் திருகாணி அசையவில்லை. முதல் அட்டையில் ஒரு மூலை ஓடிவிட்டது, ரெண்டாவது சரியாக வந்தது. கூட இருக்கும் பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

வேறொரு காரியமும் செய்தேன். அது என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. தெரிய வரும்போது முதலில் உனக்குத்தான் தெரியும். நல்லதோ கெட்டதோ, அப்படியே எழுது.

கார்முகில்


விருத்தாசலம்
10.2.2004

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். எவ்வளவு சுகம் என்பதை மேலே படித்தால் தெரியும்.

நேற்று மாலை வெண்பா வீட்டுக்கு வந்தாள். லேபிலிருந்து நேராக வந்திருந்தாள், கையில் மஞ்சள் கவர் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "உங்க தம்பி நெகடிவ்வ என் பேருக்கே அனுப்பியிருந்தாருக்கா. எந்த ஓரமும் வெட்டாம பெருசா போட்டு அக்காகிட்ட குடுங்கன்னு எழுதியிருந்தாரு. போட்டுட்டேன்" என்று கவரை நீட்டினாள்.

பிரித்தேன். நாற்காலி முதுகில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்து நிற்கிறாய். இடது கை நன்றாகத் தெரிகிறது. நான் அதை இப்போதுதான் முதல் தரம் பார்க்கிறேன். "பாத்தியாம்மா" என்று மட்டும் அவளிடம் கேட்டேன். நெகடிவிலேயே பார்த்துவிட்டாளாம். அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்றாள், அதையும் மறைக்கவில்லை. பிறகு பிரிண்டு போட்டு அவள் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். நல்லமுத்து வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "வேல செஞ்ச எடத்துல போன வெரலு. மறச்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். இப்ப நான் என்னாத்த சொல்றது, நீ சொல்லு" என்றாராம்.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எதற்கும் அசராத உன் அக்காவுக்குத்தான். கை சும்மா இருக்கக் கூடாது என்று அட்டையை எடுத்துப் போட்டு, உன் படத்துக்குச் சன்னல் அளவு குறிக்க ஆரம்பித்தேன். வெண்பா அட்டையின் மேல் கையை வைத்தாள்.

"ஒன்னு வேணாங்க்கா, ரெண்டா வெட்டுங்க" என்றாள். கவருக்குள் இன்னொரு படம் இருந்தது. அவளுடையது, உன் படத்தின் அதே அளவில் போட்டிருந்தாள். "ஒத்தப் படம் ஆகாதுன்னு கண்ணம்மாக்கா கதைய நீங்கதான லேபுல சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். உன் மாமா டூட்டி முடிந்து வந்தவர், ரெண்டு பேரும் அழுவதைப் பார்த்துவிட்டுப் பயந்துபோனார். மங்களூர் வாத்தியாருக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லியாயிற்று. வைகாசியில் தேதி குறிக்கிறோம்.

இன்று காலை ஒரே அட்டையில் ரெண்டு சன்னல் வெட்டினேன். பெண் இடப்பக்கம் என்பது நம் வழக்கம். உன் இடப்பக்கம் என்றால் பார்க்கிறவர்களுக்கு வலது ஓரம். கத்தரிக்கோலை வைத்து வைத்து வெட்டி எறிந்தாயே, அந்த ஓரத்தில்தான் அவள் வந்து நிற்கிறாள்.

சட்டம் போட்டாயிற்று, கண்ணாடி துடைத்தாயிற்று. அப்பா அம்மா படத்துக்குப் பக்கத்தில் சுவரில் இடமும் விட்டிருக்கிறேன். பின்பலகைக்கு மட்டும் இன்னும் ஆணி அடிக்கவில்லை. அது உன் வேலை. ஆணியைப் பிடித்துக்கொள்ளக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். ரெண்டும் உன்னிடம் இருக்கின்றன. வந்து அடி.

சுத்தியலை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும்,
பானுமதி